கிணறும் பகடையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டு மாதமாக ஒரு கற்பனை உலகத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். மழை பொய்த்துப்போன நிலம். கிணறு எவன் கையில் இருக்கிறதோ அவனே அரசன். 3000 வருட வரலாறு, 14 தெய்வங்கள், பாதி முடிந்த ஒரு மொழி எல்லாம் இருக்கிறது. வரைபடமும் தயார், 20 மைலுக்கு ஒரு கிணறு. கிணற்று விளிம்புக்கல்லில் கயிறு அறுத்த தடங்களைத் தடவிப் பார்த்தே ஊரின் வயதைச் சொல்லும் கிழவிகள்கூட உண்டு. நான்கு நண்பர்களோடு இதை டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் ஆட்டமாக, அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டமாக, நடத்த ஆசை. அதில் ஒருத்தி இதுவரை ஆடியதே இல்லை. எந்த விதிமுறை எடுக்கலாம்: டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பா, கர்ப்ஸா, டன்ஜன் வேர்ல்டா? செட்டிங் (உலகம்) நன்றாக இருந்தால் எந்த சிஸ்டத்திலும் (விதிமுறையிலும்) ஓடும் என்கிறான் ஒரு நண்பன். வரைபடத்துக்கு நல்ல மென்பொருள் எது? மொழியை முடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

‘எந்த சிஸ்டத்திலும் ஓடும்’ என்ற இந்தப் பேச்சைக் கொஞ்ச நாளாகவே மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது. ஓடாது. உங்கள் உலகம் ஐந்தாம் பதிப்பில் முதல் நாள் சாயங்காலமே செத்துவிடும். எப்படிச் சாகும் என்று கணக்கோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் புத்தகத்தைத் திறங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், வெயில் கொளுத்தினால் இரண்டு. முதல் லெவல் கிளெரிக்கிடம், அதாவது ஆட்டத்தை இப்போதுதான் தொடங்கும் பூசாரியிடம், ‘கிரியேட் ஆர் டெஸ்ட்ராய் வாட்டர்’ என்ற மந்திரம் இருக்கிறது. ஒருமுறை சொன்னால் 10 கேலன். ஒரு நாளில் அவர் முதல் நிலை மந்திரங்களை இரண்டு முறை சொல்லலாம், ஆக 20 கேலன். கொளுத்தும் பாலையில் பத்துப் பேருக்கு ஒரு நாள் தண்ணீர். தூங்கி எழுந்தால் மறுநாளும் அதே இருபது. ஐந்தாம் லெவலுக்கு வந்துவிட்டால் ‘கிரியேட் ஃபுட் அண்ட் வாட்டர்’, ஒரே மந்திரத்தில் 45 பவுண்ட் சோறும் 30 கேலன் தண்ணீரும். ட்ரூயிட் என்ற காட்டுப் பூசாரி ஒருவர் கூட வந்தால் பசியும் முடிந்தது. ‘குட்பெரி’ மந்திரம் பத்துப் பழம் தரும், ஒரு பழம் தின்றால் ஒரு நாள் தாங்கும்.

இப்போது சொல்லுங்கள், உங்கள் கிணற்றரசன் எதை வைத்து அரசன்? பத்துப் பூசாரிகள் உள்ள ஒரு கோயில் தினம் 200 கேலன் கொட்டுகிற நாட்டில் கிணற்றுக்காக எவன் வாளெடுப்பான்? 3000 வருடம் எழுதியிருக்கிறீர்கள். இதை ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

மந்திரத்தையே விட்டுவிடுவோம், சுமையைப் பாருங்கள். அந்தப் புத்தகத்தின் தோற்பை அரை கேலன் கொள்ளும், நிறைந்தால் 5 பவுண்ட். வெயிலில் ஒரு நாளைக்கு நாலு பை. சராசரி பலமுள்ளவர், அதாவது பலம் 10 உள்ளவர், 150 பவுண்ட் சுமக்கலாம். கவசமும் ஆயுதமும் தட்டுமுட்டும் 70 என்று வையுங்கள். மிச்சம் 80க்குப் பதினாறு பை, நாலு நாள் தண்ணீர். ஒரு நாள் நடை 24 மைல். மணல் என்று பாதியாகக் குறைத்தாலும் நாலு நாளில் 48 மைல். உங்கள் கிணறுகளோ 20 மைலுக்கு ஒன்று. வழியில் இரண்டு கிணற்றை எட்டிப்பார்க்காமலே கடந்துபோகலாம்.

இது ஐந்தாம் பதிப்பின் குறை இல்லை. அந்த ஆட்டம் பசிதாகத்தில் நேரம் போக்க விரும்பவில்லை. அதற்கு வேறு வேலை இருக்கிறது. காப்ளின் என்ற குட்டி அரக்கன் ஒன்றைக் கொன்றால் 50 அனுபவப் புள்ளி, இரண்டாம் லெவலுக்கு 300 புள்ளி. நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டால் 24 காப்ளின். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் டி அண்ட் டி, பொம்மைப் படைகளை வைத்து ஆடிய போர் விளையாட்டிலிருந்து முளைத்தது. அந்த வாசனை எளிதில் போகாது. ஆட்டம் எதற்குப் புள்ளி கொடுக்கிறதோ அதைத்தான் ஆடுபவர்கள் செய்வார்கள். உங்கள் முன்னுரையை நாலு பேரும் கண்கலங்கப் படித்துவிட்டுப் போய்க் காப்ளினைத்தான் வெட்டுவார்கள்.

பாலைவன உலகம் செய்தவர்கள் முன்பே உண்டு. 1991இல், அப்போது டி அண்ட் டியை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனம் ‘டார்க் சன்’ வெளியிட்டது. ஆத்தாஸ் என்ற காய்ந்த உலகம். டி அண்ட் டி விதிகள்தான், ஆனால் அவர்கள் விதியிலேயே கை வைத்தார்கள். இரும்பு அரிது, வாள் எலும்பிலும் கல்லிலும் செய்தது, அடிக்கும்போது உடையக்கூடும். காசு சுட்ட மண். தெய்வங்களே கிடையாது, கிளெரிக்குகள் பஞ்சபூதம் போல நான்கு பூதங்களை வணங்குவார்கள். மந்திரவாதி கட்டுப்பாடில்லாமல் மந்திரம் சொன்னால் சுற்றியுள்ள செடிகொடி கருகும். உலகம் கொடியது என்பதால் ஆட்டக்காரர்கள் மூன்றாம் லெவலில் தொடங்குவார்கள். அட்டைப்படம் ஞாபகம் இல்லாதவர்களுக்கும் அந்த உடையும் வாள் மறப்பதில்லை.

இன்னும் நேர்த்தியான உதாரணம் ‘பெண்ட்ராகன்’, 1985, கிரெக் ஸ்டாஃபோர்ட் செய்தது. ஆர்தர் மன்னன் காலத்து வீரர்களின் ஆட்டம். அதில் மந்திரவாதியாக ஆடவே முடியாது, எல்லோரும் குதிரைவீரர்கள். ஒவ்வொருவருக்கும் 13 ஜோடிக் குணங்கள்: தாராளம் எதிர் சுயநலம், துணிவு எதிர் கோழைத்தனம், இப்படி. ஒவ்வொரு ஜோடியும் கூட்டினால் 20. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். ஒரு குணம் 16ஐத் தொட்டுவிட்டால், நெருக்கடியில் நீங்கள் நினைத்தபடி நடக்க முடியாது, பகடை உங்களை இழுக்கும். வருடத்துக்கு ஒரு சாகசம், அப்புறம் குளிர்காலக் கணக்கு: விளைச்சல் எப்படி, பிள்ளை பிறந்ததா, முடி நரைத்ததா. அப்பா செத்தால் மகனை எடுத்து ஆடுவீர்கள். மானம், வம்சம், மண் என்று ஸ்டாஃபோர்ட் ஒரு பக்கம்கூட வியாக்கியானம் எழுதியிருக்க வேண்டாம், கேரக்டர் ஷீட்டே (பாத்திரத்தின் விவரத்தாளே) சொல்லிவிடும். உலகத்தை உருவாக்குவது என்றால் இது. நீங்கள் செய்திருப்பது குறிப்பு எழுதுவது.

கர்ப்ஸ் உங்களுக்கு வேண்டாம். எல்லாவற்றுக்கும் விதி உண்டு, அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்குவதற்கு உங்களுக்கு இன்னொரு எட்டு மாதம் கிடைக்கும். அதுதான் பயம். டன்ஜன் வேர்ல்ட் நல்ல ஆட்டம். இரண்டு பகடையில் 7 முதல் 9 வந்தால் ‘காரியம் நடக்கும், ஆனால் விலை உண்டு’. பகடைத் தொகையோடு ஒன்று கூட்டிக்கொள்ளும் திறமை உள்ளவருக்கு 36இல் 16 முறை அதுதான் விழும், கதை முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். ஆனால் அங்கே தாகம் ஒரு திருப்பமாக வரும், கணக்காக வராது. உங்களுக்கு வேண்டியது கணக்கு.

நான் சொல்வது 1981இன் பேசிக், எக்ஸ்பர்ட் டி அண்ட் டி. அதே விதிகளை ‘ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்’ என்று ஒழுங்காக அடுக்கி மறுபதிப்பாகச் செய்திருக்கிறார்கள், அதை எடுங்கள். அதில் முதல் லெவல் கிளெரிக்குக்கு மந்திரமே கிடையாது. தண்ணீர் வரவழைப்பது நாலாம் நிலை மந்திரம், ஆறாம் லெவலில்தான் கிடைக்கும், அதற்கு 25,000 புள்ளி வேண்டும். அங்கே ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. அதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: புதுக் கிணறு ஒன்றைக் கண்டு, வழி குறித்து, உயிரோடு ஊர் திரும்பினால் ஆளுக்கு 500. போர்வீரனுக்கு இரண்டாம் லெவல் 2000, நாலு கிணறு. தண்ணீர் வரவழைக்கும் வரம் ஐம்பது கிணறு கண்டவருக்கு. உங்கள் 14 தெய்வங்களில் ஒன்றுக்காவது இப்போது வேலை வந்துவிட்டதா?

சுமைக்கு ஆளுக்குப் பத்து இடம் கொடுங்கள். வாளும் கேடயமும் இரண்டு, சோறு ஒன்று, கயிறு ஒன்று. தோல்கவசம் ஒன்று, இரும்புக்கவசம் இரண்டு. ஒரு தோற்பை ஒரு இடம், அது அரை நாளுக்கு. இனி நடை. கவசமில்லாதவர் நாளுக்கு 24 மைல், தோல்கவசம் 18, இரும்பு 12. பாலையில் மூன்றில் இரண்டு பங்கு: 16, 12, 8. கவசமில்லாதவரிடம் ஆறு பை, மூன்று நாள், 48 மைல். தோல்காரரிடம் ஐந்து, இரண்டரை நாள், 30 மைல். இரும்புக்காரரிடம் நாலு பை, இரண்டு நாள், 16 மைல்.

உங்கள் கிணறு 20 மைலில். இரும்பு போட்டவன் நாலு மைல் முன்னாலேயே விழுந்துவிடுவான். வரைபடத்தில் ஒரு கோடுகூட மாற்ற வேண்டாம், பாருங்கள்! மேலும் பாலையில் தினம் காலையில் உருட்டும் ஆறுமுகப் பகடையில் மூன்று முகத்துக்கு வழி தப்பும். இரண்டு நாள் நடையில் இரண்டு நாளும் தப்பாமல் போவது நாலில் ஒன்று. தடம் உள்ள பாதையில் இந்தப் பகடை கிடையாது. ஆகவே தடத்தைக் காவல் காப்பவன், வழி தெரிந்த கிழவன், கிணற்றரசன் மூவரும் பணக்காரர்கள். கோவேறு கழுதை பிடித்துவிடலாம் என்பார்கள், பிடிக்கட்டும். அது 80 கிலோ தண்ணீர் சுமந்தால் நாளுக்கு இருபது லிட்டராவது தானே குடித்து, நாலு நாளில் தன் சுமையைத் தானே தீர்த்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ‘தி பிளாக் ஹாக்’ என்ற ஆட்டம் 2016இல் பிரபலமாக்கிய யூசேஜ் டை என்ற உத்தியை யாராவது சிபாரிசு செய்வார்கள். பையை எண்ணாமல் பகடை உருட்டு, 1 அல்லது 2 விழுந்தால் பகடை ஒரு படி சிறிதாகும்: எட்டுமுகம் ஆறாகும், ஆறு நாலாகும், அப்புறம் காலி. அம்புக்கு, தீப்பந்தத்துக்கு அழகான வழி. தண்ணீருக்கு வேண்டாம். எட்டுமுகப் பகடை சராசரியாக ஒன்பது முறை தாங்கும், ஆனால் 24இல் ஒரு முறை மூன்றே உருட்டலில் காலியாகும். கணக்குப் போட்டு, போகலாமா திரும்பலாமா என்று நாலு பேரும் சண்டை போட வேண்டும், உங்கள் ஆட்டமே அதுதான். அதிர்ஷ்டத்தின் மேல் பழி போட இடம் கொடுத்தால் சண்டை வராது.

மென்பொருளா? கட்டம் போட்ட தாள். மொழி? எட்டு ஊர்ப்பெயர், நாலு வசவு, போதும். 3000 வருட வரலாற்றை ஆட்டக்காரர்களுக்குப் படிக்கக் கொடுத்தீர்களானால் உங்களோடு பேசமாட்டேன்.

ஆனால் அந்த விளிம்புக்கல். எட்டு மாத உழைப்பில் உங்களுக்குத் தானாக வந்த ஒன்று அதுதான், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தடம் ஆழமாக இருந்தால் ஊர் பழையது. கல்லின் உட்பக்கமும் தேய்ந்திருந்தால் நீர் கீழே போய்விட்டது, கயிறு நீண்டிருக்கிறது. உங்களிடம் இருப்பது 50 அடிக் கயிறு, கிணறு 80 அடி. இரண்டாவது கயிறு எடுத்து வந்தவர் யார், அதற்காக எந்தத் தோற்பையை விட்டுவிட்டு வந்தார்? இப்படி ஒரு பொருள் கல்லிலிருந்து கேரக்டர் ஷீட்டுக்கு நடந்து வர வேண்டும்.

இதுவரை ஆடாத அந்தத் தோழிக்கு விதிப்புத்தகம் எதுவும் கொடுக்க வேண்டாம். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை கொடுங்கள். ஒரு கொட்டை ஒரு தோற்பை. எல்லோரும் தங்கள் கொட்டையை மேசைமேல் பார்வையில் வைக்கட்டும். உச்சிப்பொழுதிலும் அந்தியிலும் அவள் ஆளுக்கொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போடட்டும். நீங்கள் அப்போது ஒன்றும் பேசாதீர்கள்.