ஏழு வருடம் நின்ற ஸ்ப்ளெண்டர்: கிக்கரை இப்போதைக்குத் தொடாதீர்கள்

கேள்வி: அப்பா 1999இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். அவர் தவறிய பிறகு ஏழு வருடமாக மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. டேங்கில் பழைய பெட்ரோல் கொஞ்சம் கிடக்கிறது. கிக்கர் இறங்குகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. ஸ்பானர் பிடித்த அனுபவம் கொஞ்சம் உண்டு. வீட்டிலேயே தயார்செய்ய ஆசை. முதலில் பெயின்ட் அடிக்கலாமா, இன்ஜினைப் பிரிக்கலாமா?
– வாசகர், துறையூர்

பதில்: இரண்டும் வேண்டாம். கிக்கரையும் சில நாட்களுக்கு விட்டுவிடுங்கள்.

1985இல் சிடி100 கொண்டுவந்த 97.2 சிசி இன்ஜின்தான் உங்கள் வண்டியிலும் இருக்கிறது. சும்மா நின்றதால் மட்டும் அது செத்துவிடாது. ஆர்வத்தில் உதைத்துத் தள்ளும் அந்த முதல் அரைமணி நேரத்தில்தான் இப்படிப்பட்ட வண்டிகள் கெடுகின்றன. சிலிண்டரில் எண்ணெய் வடிந்து காய்ந்திருக்கும், லேசாகத் துருவும் பூத்திருக்கும். வறட்சியாக உதைத்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) கீறிக்கொள்ளும். அப்புறம் அதைக் கடைந்து போர் போட லேத்துக்குத்தான் போக வேண்டும்.

முதல் வேலைக்கு ஒரு டார்ச் போதும். கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் சைலன்சர் வாயைப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் எலி வைக்கோலும் துணியும் சேர்த்து வைத்திருக்கலாம். அப்படி இருந்தால் வயரிங்கையும் கடித்திருக்கிறதா என்று சீட்டுக்கு அடியில் தடவிப் பாருங்கள்.

அடுத்து பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் முன் அதைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது நேராக உள்ளே விழும். பிளக் துளை வழியாக இரண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, துணியால் மூடி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மறுநாள் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நாலாவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். பிளக் இல்லாததால் லேசாகச் சுற்ற வேண்டும். எங்காவது கரகரவென்று உரசினால் நிறுத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் ஆயில் விட்டுக் காத்திருங்கள். இங்கே பொறுமைதான் கருவி.

பழைய இன்ஜின் ஆயிலை வடித்துவிடுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். புது ஆயில் ஊற்றி ஓட்டி, சீக்கிரமே மறுபடி மாற்ற வேண்டும். ஊற்றுவது 10டபிள்யூ-30 நாலு ஸ்ட்ரோக் ஆயிலாக இருக்கட்டும். அளவுக்குச்சியைப் பார்த்து ஊற்றுங்கள், பாட்டிலைப் பார்த்து அல்ல.

இனி பெட்ரோல் போகும் வழி. உங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும். அதைத் திறந்தவெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் வடித்தெடுங்கள். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் செம்பழுப்பாகத் துருப்பொடி தெரியும். டேங்கைத் தனியாகக் கழற்றி, பெட்ரோல் டேப்பை எடுத்துவிட்டு, துளையை அடைத்து, தண்ணீரில் சிட்ரிக் ஆசிட் கலந்து நிரப்புங்கள். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் போதும். ஒரு நாள் ஊறட்டும். பித்தளைக் குடத்துக்குப் புளி போடுகிற அதே சங்கதிதான். அதற்காகப் புளியையே கரைத்து ஊற்றிவிடாதீர்கள், சக்கை உள்ளேயே தங்கிவிடும். கழிப்பறை ஆசிட் பக்கமே போக வேண்டாம், அது துருவோடு தகட்டையும் தின்றுவிடும். ஊறியதைக் கொட்டிவிட்டு, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் ஆயில் விட்டு உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் துரு மறுபடி வந்துவிடும்.

கார்ப்பரேட்டரில்தான் என் பழைய முட்டாள்தனம் ஒன்று இருக்கிறது. இருபது வயதில் ஒரு வண்டியின் ஸ்லோ ஜெட்டை (கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் போகும் நுண்துளைத் திருகு) அம்மாவின் தையல் ஊசியால் குத்தி அடைப்பெடுத்தேன். வண்டி ஓடியது, ஆனால் பிளக் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை கரி பிடித்தது. பித்தளைத் துளை பெரிதாகிவிட்டது என்று புரிய ஒரு மாதம் ஆனது. அதனால் ஊசி, ஊக்கு எதுவும் வேண்டாம். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மெல்லிய மின்வயரில் ஒரே ஒரு செம்பு இழையை உருவி நுழைத்துப் பாருங்கள். ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் உள்ளே லேசாக முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ட்யூப், கார்ப்பரேட்டர் கேஸ்கட், ஓ-ரிங் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். 1999இல் செய்த ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. தவிர, எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதனால் இனிமேல் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் கார்ப்பரேட்டரை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

ஸ்டார் ஸ்க்ரூக்கள் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பான் வடிவமைப்பு என்பதால் அவற்றின் பிளவு நாம் கடையில் வாங்கும் சாதாரண ஸ்டார் டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. அழுத்தித் திருகினால் தலை வழுவழுப்பாகிவிடும். சுத்தியால் தட்டும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்குங்கள், இந்த ஒரு வண்டியிலேயே காசு வசூலாகிவிடும்.

ஸ்டார்ட் செய்ய பேட்டரி வாங்க அவசரம் வேண்டாம். இந்த மாடலில் கிக்கர் அடித்தால் பிளக்குக்கு மின்சாரம் இன்ஜின் காயிலிலிருந்தே வரும். புது பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். பிளக்கை மாட்டும் முன் பத்துப் பதினைந்து முறை மெதுவாகக் கிக்கர் அடித்து ஆயிலை மேலே ஏற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுக்காமல், இன்ஜின் தலையில் வால்வுக்கு மேலிருக்கும் டேப்பெட் மூடியைத் திறந்து உள்ளே ஆயில் வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். முதலில் ஊற்றிய ஆயில் எரிவதால் கொஞ்ச நேரம் புகை கக்கும், பயப்படாதீர்கள். அரைமணி நேரம் கழித்தும் நீலப்புகை நிற்காவிட்டால் அப்போது இன்ஜினைப் பிரிக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஓடுகிறது, சரி. நிற்குமா? ரெண்டு பிரேக் டிரம்மையும் திறந்து பாருங்கள். பழைய ஷூவில் லைனிங் தடிமனாக இருந்தாலும் பசை விட்டுப்போயிருக்கும். நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும். ஓடும்போது பெயர்ந்தால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். டிரம் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் செய்தது. டயரின் மேல்பக்கப் பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் ரெண்டு டயரும் ட்யூபும் மாற்ற வேண்டியதுதான். கேபிள்கள் எல்லாமும் அப்படியே.

பெயின்டுக்கு முன் காகிதம். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், படிவம் 25. ஆர்சி அப்பா பெயரில் இருப்பதால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. கூடவே இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் அன்றைய தொகையைப் பாருங்கள். இது நடக்காது என்று தெரிந்தால் பெயின்டுக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. ஆர்சியில் உள்ள நிறத்தையே அடியுங்கள், வேறு நிறம் என்றால் அதையும் பதிய வேண்டும். ஹேண்டில் பார் கழுத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணை ஆர்டிஓ ஆபீஸில் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். பெயின்டர் உப்புத்தாள் போட்டு அதைத் தேய்த்துவிட்டால் பெரிய தலைவலி. வண்டியைக் கொடுக்கும்போதே அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுங்கள்.