வாசகர் கேள்வி – பதில்: வெப்பத்தை வாங்கும் குடுவை ஏன் சில்லிடுகிறது?

கேள்வி: வெப்பங்கொள் வினை வெப்பத்தை உள்வாங்கிக்கொள்ளும் என்று படித்தோம். அப்படியானால் குடுவை சூடாகத்தானே வேண்டும்? தொட்டால் சில்லென்று இருப்பது ஏன்?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. பாடநூல்களின் சொல்லாட்சியே இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கிறது. 'உள்வாங்குகிறது' என்றதும் வெளியிலிருந்து வெப்பம் குடுவைக்குள் புகுவதாக நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வினை முதலில் கைவைப்பது குடுவைக்குள் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தில்தான். துகள்களின் ஓயாத அசைவில் இருக்கும் ஆற்றலின் ஒரு பகுதி, புதிதாக உருவாகும் பொருள்களின் வேதி ஆற்றலாக மாறிவிடுகிறது. வெப்பமானிக்கு அசைவு மட்டுமே தெரியும், வேதி ஆற்றல் தெரியாது. ஆகவே ஆற்றல் எங்கும் தொலைந்துபோகாமலே வெப்பநிலை இறங்கிவிடுகிறது. அவ்வாறு குளிர்ந்த குடுவைக்குள் உங்கள் விரலிலிருந்து வெப்பம் பாய்வது அடுத்த கட்டம்.

நீரேறிய பேரியம் ஹைட்ராக்சைடு படிகங்களையும் அம்மோனியம் தயோசயனேட்டையும் ஒரு முகவையில் இட்டுக் கிளறினால், உலர்ந்திருந்த இரண்டு திண்மங்களும் சற்று நேரத்தில் கூழாகிவிடும். அம்மோனியாவின் நெடி எழும். வெப்பநிலை −20 டிகிரி செல்சியஸ் வரை, சில வேளை அதற்கும் கீழே இறங்கும். முகவையை ஈரமான மரப்பலகைமேல் வைத்திருந்தால், இடையில் உள்ள நீர் உறைந்து, முகவையைத் தூக்கும்போது பலகையும் கூடவே வரும். (பேரியம் சேர்மங்கள் நஞ்சு. ஆசிரியர் செய்துகாட்ட, எட்டி நின்று பார்க்க வேண்டிய சோதனை இது.)

கேள்வி: அணுக்களை இணைக்கும் பிணைப்பு முறியும்போதுதான் ஆற்றல் வெளிப்படுகிறது என்கிறார் என் நண்பர். சரியா?

பதில்: தவறு, ஆனால் படித்தவர்களிடமும் வேரூன்றிய தவறு. பிணைப்பை முறிக்க எப்போதும் ஆற்றலைச் செலவிட்டாக வேண்டும், பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் கிடைக்கும். ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மோல் (வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு) ஹைட்ரஜனின் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 436 கிலோஜூல், குளோரினுக்கு 242 கிலோஜூல், ஆக 678 செலவு. புதிதாக உருவாகும் 2 மோல் பிணைப்புகள் ஒவ்வொன்றும் 431 வீதம் 862 கிலோஜூல் தருகின்றன. மிஞ்சும் 184 கிலோஜூலே வெளியேறும் வெப்பம். வரவைவிடச் செலவு மிகுந்திருந்தால் அதே வினை வெப்பங்கொள் வினை ஆகியிருக்கும்.

வரவு இவ்வளவு இருந்தும் முதல் செலவுக்கு யாராவது கைகொடுத்தாக வேண்டும். இந்த இரண்டு வாயுக்களின் கலவை இருட்டில் சும்மா கிடக்கும்; வெயில் பட்டால் வெடிக்கும். ஒளி முதலில் பிரிப்பது, இரண்டில் பிணைப்பு வலுக்குறைந்த குளோரினைத்தான்.

கேள்வி: சுண்ணாம்புக்கல்லைச் சுடக் கொடுக்கும் வெப்பம் எப்போதாவது திரும்பக் கிடைக்குமா?

பதில்: முழுவதும் கிடைக்கும், ஆனால் இரண்டு தவணைகளில். ஒரு மோல் சுண்ணாம்புக்கல்லைச் சிதைத்துச் சுட்ட சுண்ணாம்பாக்க ஏறத்தாழ 178 கிலோஜூல் தேவை. அதை நீற்றும்போது, அதாவது நீர் ஊற்றும்போது, 65 கிலோஜூல் வெளிப்படும். நீர் கொதித்துத் தெறிப்பது அதனால்தான். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக்கல் ஆகும்போது எஞ்சிய 113 கிலோஜூலும் வந்துவிடும். எந்த வழியில் சுற்றி வந்தாலும் கணக்கு நேராகும் என்பதைத்தான் 1840-இல் வேதியியலாளர் ஹெஸ் தம் விதியாகக் கூறினார். இரண்டாம் தவணையே பெரியது என்றாலும், சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் சுடுவதில்லை. அது கல்லாக இறுக மாதக்கணக்கில் ஆவதால், வெளிவரும் வெப்பம் உடனுக்குடன் காற்றில் கலந்துபோகிறது.