ரெண்டும் ஒண்ணு தானே? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழ்ல ஒரு வரி எழுதியிருந்தேன், டிசைன் கத்துக்க ஆசப்படறவங்க புதுசா ஒண்ணு வரையறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற ஒரே மாதிரி ரெண்டு பொருள எடுத்து பக்கத்து பக்கத்துல வெச்சு பாருங்கன்னு. வந்த கடிதம் பாதி அதப் பத்தி தான். அதனால இந்த தடவ மத்த கேள்விங்கள தள்ளி வெச்சிட்டு இதயே எடுத்துக்கறேன்.

பாலக்கோட்டுல இருந்து ஒரு மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவி: நீங்க சொன்ன மாதிரி ரெண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்து வெச்சு பார்த்தேன் சார். ஒண்ணு உயரம் ஒண்ணு குட்டை, ஒண்ணுல பாட்டி பேரு வெட்டியிருக்கு ஒண்ணுல இல்ல, ஒண்ணு கனம், ஒண்ணுல சொட்டை. நாலுக்கு மேல எழுத வரல. இதெப்படி டிசைன் ஆகும்? எனக்கு அகமதாபாத் என்ஐடி (தேசிய டிசைன் கல்லூரி) நுழைவுத் தேர்வு எழுதணும்னு ஆசை.

நாலு எழுதிட்டு நின்னுட்டீங்கல்லம்மா, அங்க தான் வேலையே ஆரம்பிக்குது. கண்ணு பார்க்கறது நாலுல முடிஞ்சிரும், அதுக்கப்புறம் கை பார்க்கணும், வாய் பார்க்கணும், காது கூட பார்க்கணும்.

ரெண்டுலயும் ரொம்ப தண்ணி ஊத்தி சமையக்கட்டுல இருந்து திண்ணை வரைக்கும் நடந்து பாருங்க, எது தளும்புது? சூடா காப்பி ஊத்தி எங்க புடிக்கறீங்கன்னு பாருங்க, மேல் விளிம்புக்கு கீழ ரெண்டு விரல் தானே போகுது, அந்த விரல் வழுக்காம நிக்க விளிம்பு வெளிப்பக்கம் கொஞ்சம் மடங்கியிருக்கா இல்ல நேரா இருக்கா? இப்ப அண்ணாந்து குடிங்க. விளிம்ப உருண்டையா சுருட்டி விட்ட டம்ளர்ல மெதுவா ஊத்துனா தண்ணி விளிம்ப சுத்திக்கிட்டு வெளிப்பக்க சுவரோட வழிஞ்சு கழுத்துல எறங்கும், தகடு மெல்லிசா வெளிய விரிஞ்சிருக்கற வாயில அந்த எடத்துலயே அறுந்து நேரா விழும். ஆனா சுருட்டின விளிம்பு உதட்ட அறுக்காது, கீழ விழுந்தாலும் வாய் சீக்கிரம் நசுங்காது. ஆக ரெண்டு டம்ளர் செஞ்சவங்களும் ரெண்டு வேற வேற விஷயத்துக்கு முக்கியத்துவம் குடுத்திருக்காங்க, ஒருத்தர் ஊத்திக் குடிக்கறவங்கள நெனச்சாங்க, இன்னொருத்தர் வாய் வெச்சு குடிக்கறவங்களையும் போட்டுத் தேய்க்கறவங்களையும் நெனச்சாங்க. இது அஞ்சாவது வித்தியாசம், மொதல் நாலையும் விட பெருசு.

அப்புறம் கவுத்துப் பாருங்க. அடி முழுக்க தரையில படுதா, இல்ல நடுவுல உள்ள தள்ளி ஓரம் மட்டும் வளையமா நிக்குதா? முழுத் தட்டையா இருந்தா ஒரு சொட்டை விழுந்ததும் டம்ளர் ஆட ஆரம்பிச்சிரும், வளையத்து மேல நின்னா நடுவுல அடி பட்டாலும் ஆடாது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போடுங்க. எவ்ளோ தூரம் உள்ள போகுது, எடுத்தா வருதா, இறுகிக்குதா? மேல அகலம் கீழ ஒடுக்கம்னு ஒரு டேப்பர் இருக்கே, அது அழகுக்கு மட்டும் இல்ல, அடுக்கி வைக்கறதுக்கும் அது வேணும். நீங்க மெக்கானிக்கல் படிக்கறதால சொல்றேன், வட்டத் தகட்ட டைங்கற அச்சுல வெச்சு பிரஸ்ல அழுத்தி இழுத்து தான் இத செய்யறாங்க, அதனால ஜாயிண்ட் இருக்காது, சுவத்துல விரல் நகத்த ஓட்டிப் பாருங்க. ஜாயிண்ட் தட்டுச்சுன்னா அது வேற விதமா செஞ்ச பாத்திரம்.

ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் பக்கத்துல "ஏன்"னு ஒரு கட்டம் போடுங்க. கைக்காகவா, வாய்க்காகவா, பட்டறையில மெஷினுக்காகவா, காசு மிச்சம் புடிக்கவா? பதில் தெரியலன்னா கட்டத்த காலியா விடுங்க, இட்டுக்கட்டாதீங்க. காலியா இருக்கற கட்டம் தான் அடுத்த வாரம் பாத்திரக் கடையிலயோ பட்டறையிலயோ போய் நின்னு கேக்க வைக்கும்.

நீங்க என்ஐடின்னு சொன்னதால இத கட்டாயம் சொல்லணும். 1958ல சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு அமெரிக்காவுல பேர் போன டிசைனர் தம்பதி, நம்ம அரசாங்கம் கூப்ட்டு வந்து நாடு சுத்திப் பார்த்து ஒரு அறிக்கை குடுத்தாங்க. அதுல அவங்க ரொம்ப மதிச்சு எழுதினது கோயிலையோ அரண்மனையையோ இல்ல, நம்ம வீட்டு சொம்ப. எவ்ளோ தண்ணி புடிக்கணும், தூக்கற கை எவ்ளோ பெருசு, தலையில தூக்குவாங்களா இடுப்புலயா, காலியா இருக்கும்போது எடை எங்க நிக்குது, நெறஞ்சப்புறம் எங்க போகுது, உள்ள கை விட்டு கழுவ முடியுமா, இன்னொரு பாத்திரத்து மேல பட்டா என்ன சத்தம் வரும்னு கேள்வி மேல கேள்வி அடுக்கினாங்க. எந்த ஒரு தனி ஆளும் இத டிசைன் பண்ணல, தலைமுறை தலைமுறையா பல பேர் கை பட்டு இந்த வடிவத்துக்கு வந்திருக்குன்னும் சொன்னாங்க. அந்த அறிக்கைய ஒட்டி தான் 1961ல நீங்க சேர ஆசப்படற என்ஐடியே வந்துச்சு. அதனால டம்ளர பார்க்கறது பரீட்சைக்கு சம்பந்தமில்லாத வேலைன்னு நெனைக்காதீங்கம்மா, அந்த காலேஜோட வேர்லயே ஒரு சொம்பு இருக்கு.

பாட்டி பேரு வெட்டின டம்ளர் பத்தி ஒண்ணு. பேர எங்க வெட்டியிருக்காங்க, அடியிலயா, உடம்புலயா, விளிம்புக்கு கீழயா? சீர் வரிசை, பந்திக்கு இரவல் குடுக்கறது, திரும்பி வரும்போது அடையாளம் பார்க்கறது, எல்லாமே அந்த எடத்துல இருக்கு. அதயும் எழுதுங்க.

தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பெட்டிக்கடை வெச்சிருக்கறவர்: வித்தியாசம் பாருங்கன்னு நீங்க சொல்றீங்க, எங்க கடையில ஜனங்க 10 ரூபா காசுல கோடு எண்ணிப் பார்த்து 15 கோடு இருந்தா செல்லாதுன்னு திருப்பி குடுக்கறாங்க. ரொம்ப உத்துப் பார்க்கறதும் ஆபத்து தானேங்க?

அருமையான கேள்விங்கண்ணா, ரெண்டு நாள் இதயே யோசிச்சிட்டு இருந்தேன். அந்த ஜனங்க பார்த்தது தப்பில்ல, சரியா தான் பார்த்திருக்காங்க. ஒரு காசுல 15 கதிர், ரூபா குறி கெடையாது, இன்னொண்ணுல 10 கதிர், ரூபா குறி உண்டு. தப்பு நடந்தது அடுத்த படியில, "வேற மாதிரி இருக்கு, அதனால கள்ளக்காசு"ன்னு காரணத்த தாங்களே முடிவு பண்ணிட்டாங்க. நெஜ காரணம் சாதாரணமானது, ரூபாய்க்குன்னு தனி குறி வந்ததே 2010ல, 2011ல இருந்து காசுல அந்த குறி வந்தப்ப டிசைனும் மாறுச்சு. 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கியே அறிவிச்சாங்க, அதுவரைக்கும் 10 ரூபா காசு 14 டிசைன்ல வந்திருக்கு, 14ம் செல்லும்னு. இத ஒரு அட்டையில எழுதி கல்லா பக்கத்துல மாட்டி வைங்க.

இன்னொரு சோடி உங்க கல்லாவுலயே இருக்கு, 10 ரூபா காசும் 20 ரூபா காசும். ரெண்டுமே ரெண்டு உலோகம், ரெண்டுமே 27 மில்லிமீட்டர், அவசரத்துல மாறிப் போகும்னு தான் தோணும். ஆனா பாருங்க, 10ல வெளி வளையம் மஞ்சள், நடுவுல வெள்ளை, 20ல அப்டியே தலைகீழ், வெளிய வெள்ளை நடுவுல மஞ்சள். அதோட 10 வட்டம், 20க்கு 12 பக்கம், இருட்டுல கூட விரல் ஓட்டினா மூலை தட்டும். எடையும் 7.71 கிராம், 8.54 கிராம்னு ஒரு கிராம் கிட்ட தள்ளி நிக்குது. 2007 வாக்குல வந்த விரல் படம் போட்ட 1 ரூபா 2 ரூபா காசுங்கள ஞாபகம் இருக்குங்களா, ரெண்டும் வட்டம், ரெண்டும் ஒரே வெள்ளை ஸ்டீல், 25க்கும் 27க்கும் ரெண்டு மில்லிமீட்டர் தான் வித்தியாசம், கண் தெரியாதவங்க மட்டுமில்ல கண் தெரிஞ்சவங்களே கண்டக்டர் கிட்ட மாத்தி குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி ஒரு காலத்துல 2 ரூபாய்க்கு 11 பக்கம் இருந்துச்சு, அத எடுத்துட்டு வட்டமாக்குனது எனக்கு இன்னிக்கும் வருத்தம்.

நோட்டுலயும் இது இருக்கு. புது 200, 500 ரெண்டும் 66 மில்லிமீட்டர் அகலம், நீளம் மட்டும் 146, 150. நாலு மில்லிமீட்டர விரல் நம்ப முடியாதுன்னு தான் ஓரத்துல தடிப்பா சாய்வு கோடு, 100ல நாலு, 200ல நாலு கோட்டுக்கு நடுவுல ரெண்டு வட்டம், 500ல அஞ்சு. கண்ண மூடிட்டு தடவிப் பாருங்கண்ணா, புது நோட்டா இருந்தா தெரியும், கசங்கினப்புறம் தெரியறது கஷ்டம். அது ஒரு குறை தான்.

போச்சம்பள்ளியில இருந்து ஒரு அக்கா: சந்தையில ரெண்டு கருக்கருவா வாங்கினேன், பார்க்க ஒண்ணு போலவே இருக்கு, ஒண்ணுல கேழ்வரகு அறுத்தா கை நோகல, இன்னொண்ணுல அரை நாள்லயே மணிக்கட்டு புடிச்சிக்குது. ஏன்?

நேர்ல பார்க்காம அடிச்சு சொல்ல முடியாதுங்கக்கா, ஆனா எங்க பார்க்கணும்னு சொல்றேன். ரெண்டையும் தரையில பிடியோட படுக்க வைங்க. பிடியும் அலகும் ஒரே மட்டத்துல தரைய தொடுதா, இல்ல பிடி கொஞ்சம் மேல தூக்கி நிக்குதா? பிடி சேர்ற எடத்துல ஒரு சின்ன வளைவு குடுத்து பிடிய தூக்கியிருந்தா, அடியோட அறுக்கும்போது விரல் முட்டி மண்ணுல உரசாது, மணிக்கட்ட நீங்களா மடக்க வேண்டியதில்ல. அந்த வளைவு இல்லாததுல அந்த வேலைய உங்க மணிக்கட்டு செய்யும். அடுத்து பல்லு. பல்லு பிடிப் பக்கமா சாஞ்சிருக்கணும், நாம இழுத்து தானே அறுக்கறோம், விரல மெதுவா பிடியில இருந்து நுனிப் பக்கமா ஓட்டினா சொரசொரன்னு கடிக்கணும், எதிர்ப்பக்கம் ஓட்டினா வழுவழுன்னு போகணும். பல்லு தேஞ்சிருந்தா நீங்க கூட பலம் போட்டு இழுப்பீங்க. கடைசியா பிடிய பாருங்க, பூண் ஆடுதா, கட்டை ரொம்ப மெலிசா? மெலிசா இருந்தா கை தேவைக்கு மேல இறுக்கிப் புடிக்கும், நோவு அங்கிருந்தும் வரும். ரெண்டையும் கொல்லர் பட்டறைக்கு எடுத்துட்டு போயி நல்லா இருக்கறத காட்டி இது போல அடிச்சு குடுங்கன்னு கேளுங்க, வாயால சொல்றத விட மாதிரிய காட்டினா அவங்களுக்கு ஒடனே புரியும்.

ஊத்தங்கரையில இருந்து ஒரு தம்பி: எனக்கு வரையவே வராது. டிசைன் படிக்க முடியுமா?

முடியும் தம்பி. எழுதுங்க, அளவு எடுங்க, போட்டோ புடிங்க. வரையறது பழகப் பழக வரும், பார்க்கறது இப்பவே பழகலாம்.

ஓசூர்ல வெல்டிங் பட்டறை வெச்சிருக்கறவர்: நான் ஒண்ணு கேக்கறேன் சார், ரெண்டு பொருள் ஒரே மாதிரி இருக்கறது நல்லதா, வேற வேற மாதிரி இருக்கறது நல்லதா?

உங்க பட்டறையிலயே பதில் இருக்குங்க. ஆக்சிஜன் குழாய் நட்டு வலது மரை (வலப்பக்கம் திருகினா இறுகும்), அசிட்டிலின் நட்டு இடது மரை (இடப்பக்கம் திருகினா இறுகும்), அதோட அசிட்டிலின் நட்டோட மூலையில சின்னதா வெட்டு போட்டிருக்கும். மாத்தி மாட்டினா உயிர் போற எடம், அதனால மாட்டவே முடியாத மாதிரி பண்ணிட்டு, கண்ணுக்கும் விரலுக்கும் தெரியற மாதிரி வெட்டும் வெச்சிருக்காங்க. சைக்கிள் பெடலும் அப்டி தான், இடது பெடலுக்கு இடது மரை, இல்லன்னா மிதிக்க மிதிக்க கழண்டுக்கும்.

நான் ஓசூர்ல ஒரு கம்பெனி டூல்ரூம்ல இருந்தப்ப ஒரு பிக்சருக்கு (பீஸ அசையாம புடிச்சு வைக்கற சாதனம்) ரெண்டு பின் போட்டேன், ஒண்ணு 12 மில்லிமீட்டர், ஒண்ணு 12.5, நீளம் ஒண்ணு, தலை ஒண்ணு, நெறமும் ஒண்ணு. நைட் ஷிப்ட்ல ஒரு பையன் 12.5 போட வேண்டிய எடத்துலயும் ஒரு 12 பின்னயே போட்டுட்டான், சின்னது பெரிய ஓட்டைக்குள்ள சுகமா போயிருச்சு, அரை மில்லிமீட்டர் ஆட்டத்தோட காலை வரைக்கும் பீஸ் ஓடுச்சு, எல்லாம் ரிஜெக்ட். மேல இருந்தவங்க பையன திட்டுனாங்க. தப்பு என் டிராயிங்ல தான், நான் போயி சொன்னேன். ரெண்டையும் 12ஆவே போட்டிருக்கலாம், இல்ல ஒண்ணு தலைய சதுரமாக்கி 12, 18னு யாரும் மாத்த முடியாதபடி போட்டிருக்கலாம். ஜப்பான்ல ஷிகெயோ ஷிங்கோன்னு ஒரு எஞ்சினியர் இந்த மாதிரி தப்பே நடக்க விடாத ஏற்பாடுக்கு போகா யோகேன்னு பேர் வெச்சாரு. நீங்க கேட்டதுக்கு என் பதில், ஒண்ணுக்கு பதில் இன்னொண்ணு போட்டா பரவால்லன்னா அச்சு அசலா ஒரே மாதிரி செய்யுங்க, கூடாதுன்னா பத்தடி தள்ளி நின்னாலும் தெரியற மாதிரி பிரிச்சு வைங்க. நடுவுல "கிட்டத்தட்ட ஒரே மாதிரி"ன்னு ஒரு எடம் இருக்கே, அங்க தான் அடி படுது.

பென்னாகரம் பக்கத்துல இருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர்: பிள்ளைங்கள இப்டி பார்க்க பழக்கணும். டம்ளர், காசு தவிர வேற என்ன குடுக்கலாம்?

சீசன்ல மாங்கா குடுங்க டீச்சர், பெங்களூராவும் செந்தூராவும் இல்ல, அது யாருக்கும் தெரிஞ்சிரும், ஒரே மரத்து பெங்களூரா ரெண்டு குடுங்க. மூக்கு எவ்ளோ வளைஞ்சிருக்கு, வெயில் பட்ட பக்கம் எது, காம்பு எந்த பக்கம் சாஞ்சிருக்குன்னு எழுத சொல்லிட்டு எல்லாத்தையும் ஒரு கூடையில கலந்து கொட்டி, எழுதினத மட்டும் வெச்சு இன்னொரு பிள்ளைய கண்டுபுடிக்க சொல்லுங்க. எழுதினது நல்லா இருந்தா மாங்கா கெடைக்கும்.

அப்புறம் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் கூட்டிட்டு போங்க, நடுகல்லுங்க இருக்கு. மொதல்ல பார்த்தா எல்லாம் ஒரே வீரன் மாதிரி தான் தெரியும். எல்லா கல்லையும் காட்டாதீங்க, ஒரு பிள்ளைக்கு ரெண்டே கல்லு. கையில வில்லா வாளா, அம்பு எங்க தச்சிருக்கு, காலுக்கு பக்கத்துல மாடு இருக்கா, கூட ஒரு பொம்பள நிக்கறாங்களான்னு அவங்களே பார்த்து எழுதட்டும், நீங்க முன்கூட்டியே கதைய சொல்லிராதீங்க. அவங்க எழுதினத எனக்கு அனுப்பி வைங்க, அடுத்த இதழ்ல எடம் ஒதுக்கி வெச்சிருக்கேன்.