பெட்டியில் கார்டு இருக்கிறது, வாரண்டி இருக்கிறதா?

கேள்வி: நான் ஆசைப்பட்ட ஆட்டோமேட்டிக் வாட்சை இணையத்தில் ஒருவர் ஷோரூம் விலையைவிடக் கால்வாசி குறைத்துத் தருகிறார். கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் "ஒரிஜினல், புதுசு, வாரண்டி கார்டும் பெட்டியிலேயே இருக்கு" என்கிறார். கம்பெனி வாரண்டி செல்லுமா?

பதில்: பெரும்பாலும் செல்லாது. வாட்ச் ஒரிஜினலாகவே இருக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட டீலர்களுக்கு வெளியே ஒரிஜினல் சரக்கு விற்பதைக் கிரே மார்க்கெட் என்பார்கள். டீலரிடம் விற்காமல் தேங்கிய சரக்கு கைமாறி வெளியே வருவதுதான் அதன் முக்கிய வழி. அதனால்தான் விலையும் குறைகிறது. ஆனால் வாரண்டி வாட்சோடு தானாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட டீலர் விற்று, தேதி போட்டுக் கார்டை நிரப்பினால்தான் அதற்கு உயிர் வருகிறது.

எனவே "கார்டு இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பணம் கட்டும் முன் கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று இடங்களைப் பாருங்கள்: டீலர் பெயர், விற்ற தேதி, சீரியல் நம்பர். டீலர், தேதி இரண்டும் காலியாக இருந்தால் அது வெறும் அட்டை. வேறு நாட்டு டீலரின் பெயரோடு எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தால் கதை வேறு. வாரண்டி உலகம் முழுக்கச் செல்லும் பிராண்டாக இருந்தால், மிச்சக் காலம் உங்களுக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. எட்டு மாதம் ஏற்கெனவே கரைந்துவிட்டது, அவ்வளவுதான். ரோலெக்ஸ், டியூடர், ஒமேகா போன்றவை 5 ஆண்டு தருகின்றன, அதில் எட்டு மாதம் போனால் பெரிய நஷ்டமில்லை. ஒரு வருட வாரண்டி என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

கார்டில் உள்ள சீரியல் நம்பரும் வாட்சில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். வாட்சில் அந்த நம்பரைச் சுரண்டியிருந்தால் சரக்கு எந்த டீலரிடமிருந்து கசிந்தது என்பதை மறைக்கிறார்கள் என்று பொருள். திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். அதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

கிரே மார்க்கெட் வழியை அடைக்கக் கம்பெனிகளும் படாதபாடு படுகின்றன. ஒமேகா தன் வாட்சின் பின்பக்கம் குட்டியாக ஓர் உலக உருண்டைச் சின்னத்தைப் பொறித்து, அதன் பதிப்புரிமையைக் காட்டி, கிரே மார்க்கெட் சரக்கை விற்ற காஸ்ட்கோ என்ற பெரிய கடைச் சங்கிலி மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. பல ஆண்டுகள் இழுத்து, 2015-இல் மேல்முறையீட்டிலும் காஸ்ட்கோவே ஜெயித்தது. விற்பதைத் தடுக்க முடியாதவர்கள் கையில் வைத்திருக்கும் பிடி வாரண்டிதான்.

கேள்வி: அதே ஆள் "கம்பெனி வாரண்டி இல்லாட்டி என்ன, நானே ரெண்டு வருஷம் தர்றேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: அது வாட்சுக்கான வாரண்டி இல்லை, அவருக்கான வாரண்டி. அவர் கடையை மூடினால் அதுவும் மூடிவிடும். எத்தனை வருடமாகத் தொழிலில் இருக்கிறார், பழுதானால் யார் திறப்பார்கள், அனுப்பும் செலவு யாருடையது, உதிரி பாகம் ஒரிஜினலா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வதெல்லாம் வேண்டாம். பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். இன்னொன்று, கம்பெனி வாரண்டி மிச்சமிருக்கும் வாட்சை இவருடைய மெக்கானிக் திறந்தால் அந்த மிச்சமும் போய்விடலாம்.

என் கணக்கு இதுதான்: பேட்டரி வாட்ச் என்றால் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளலாம், அதில் பெரும்பாலும் கெட்டுப்போவது பேட்டரியும் பட்டையும்தான், இரண்டும் பொதுவாக எந்த வாரண்டியிலும் வராது. குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச்) போலப் பாகங்கள் நிறைந்த மெக்கானிக்கல் வாட்ச் என்றால், முழு சர்வீஸுக்கு என்ன ஆகும் என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதலில் கேளுங்கள். தள்ளுபடி அந்தத் தொகையைத் தாண்டாவிட்டால் ஷோரூமுக்கே போங்கள்.

கேள்வி: கிரே மார்க்கெட்டில் வாங்கிவிட்டேன். இப்போது நாளுக்கு அரை நிமிடம் பிந்துகிறது. சர்வீஸ் சென்டரில் கையிலேயே வாங்க மாட்டார்களா?

பதில்: வாங்குவார்கள், காசு கேட்பார்கள். ஒரிஜினல் வாட்சாக இருந்து, சீரியல் நம்பர் அப்படியே இருந்து, உள்ளே போலிப் பாகம் இல்லாவிட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. முழு சர்வீஸ் செய்தால் அந்த வேலைக்கென்று தனி வாரண்டி உண்டு. ரோலெக்ஸ், ஒமேகா இரண்டிலும் அது 2 ஆண்டு. ஆனால் உடனே சர்வீஸுக்கு ஓடாதீர்கள். காந்தம் ஏறியிருந்தாலும் வாட்ச் ஓட்டம் கெடும், சில நிமிட வேலையில் காந்தத்தை எடுத்துவிடலாம். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.