நெட் நிலைக்காத கடற்கரையில் கம்ப்யூட்டர் நேரம் துல்லியமாக ஓட எந்த மலிவு ஜிபிஎஸ் வாங்கலாம்?

ஜிபிஎஸ் போர்டில் ‘பிபிஎஸ்’ (நொடிக்கு ஒரு முறை வரும் மின் துடிப்பு) என்று எழுதி ஒரு பின் தனியாக வெளியே வந்திருக்க வேண்டும். விற்பவர் போட்ட படத்தில் அது தெரியவில்லை என்றால் வாங்காதீர்கள். எத்தனை சாட்டிலைட் பிடிக்கும், இடத்தை எத்தனை மீட்டருக்குள் காட்டும் என்பதெல்லாம் இந்த வேலைக்கு இரண்டாம்பட்சம்.

நீங்கள் கேட்டது இது: பாம்பனில் ஐஸ் கம்பெனி, நெட் அடிக்கடி படுத்துவிடுகிறது, கேமரா ரெக்கார்டரும் இரண்டு பில்லிங் கம்ப்யூட்டரும் ஆளுக்கொரு நேரம் காட்டுகின்றன. ஹாம் ரேடியோவில் எஃப்டி8-ம் (இரு முனையிலும் நேரம் ஒத்துப்போனால்தான் வேலை செய்யும் டிஜிட்டல் முறை) ஓட்ட வேண்டும். ராஸ்பெர்ரி பை என்கிற சின்ன கம்ப்யூட்டர் (இனி ‘பை’) கையில் இருக்கிறது. படகில் இருந்து கழற்றிய பழைய ஜிபிஎஸ்ஸை மாட்டலாமா, யூஎஸ்பி டாங்கிள் வாங்கலாமா, இல்லை போர்டா? ஜிபிஎஸ்ஸுக்கு மட்டும் 1,500 ரூபாய் வரை.

படகு ஜிபிஎஸ்ஸை முதலில் ஒதுக்கிவிடலாம். அது கரைக்குத் திரும்பவும் எல்லைக்கோடு தெரியவும் செய்த கருவி. வெளியே தருவது என்எம்இஏ என்கிற எழுத்து வரிகள் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் 4800 பாட், அதாவது நொடிக்கு 4800 பிட் வேகத்தில். ஒரு எழுத்துக்கு 10 பிட் போகும், ஆகவே நொடிக்கு 480 எழுத்து. நேரம் சொல்கிற ஒரு வரி சுமார் 70 எழுத்து. அந்த ஒரு வரி கம்பியில் வந்து முடியவே 146 மில்லிநொடி ஆகிவிடும். இந்தத் தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் கழித்துவிட்டுப் போகலாம். ஆனால் இருக்காது. சாட்டிலைட் பட்டியல் தருகிற வரி ஒன்றில் நான்கு சாட்டிலைட்தான் அடங்கும். தலைக்கு மேல் எட்டு இருந்தால் இரண்டு வரி, ஒன்பதாவது எழுந்தவுடன் மூன்று வரி. அதற்குப் பின்னால் நிற்கிற வரி திடீரென்று அறுபது மில்லிநொடிக்கும் மேல் தள்ளிப்போகும். போதாக்குறைக்கு, ரிசீவர் கணக்குப் போட்டு முடிக்கிற நேரமும் நொடிக்கு நொடி மாறும்.

யூஎஸ்பி டாங்கிளிலும் இதே கதைதான், வேகம் மட்டும் கூடுதல். டாங்கிளுக்குள் இருக்கிற சிப் பிபிஎஸ் துடிப்பைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அது யூஎஸ்பி வயருக்கு வருவதில்லை. வந்தாலும் சாதாரண யூஎஸ்பி 1 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் எட்டிப் பார்க்கும், அதற்குள் துல்லியம் போய்விடும். நேர்மையாகச் சொல்வதானால் கேமராவுக்கும் பில்லுக்கும் டாங்கிள் போதும். எஃப்டி8-க்கும் நேரம் ஒரு நொடிக்குள் இருந்தால் வேலை நடக்கும். ஆனால் பிபிஎஸ் உள்ள போர்டின் விலை டாங்கிளைவிட அதிகமில்லை. அதே காசுக்கு ஆயிரம் மடங்கு துல்லியம் கிடைக்கும்போது டாங்கிள் எதற்கு?

பிபிஎஸ் என்பது நொடிக்கு ஒரு துடிப்பு. நொடி பிறக்கிற கணத்தில் அந்த பின்னில் மின்னழுத்தம் 0-விலிருந்து 3.3 வோல்ட்டுக்கு எழும். யூப்ளாக்ஸ் கம்பெனியின் நியோ-6எம் என்கிற ஜிபிஎஸ் சிப்பின் விவரத்தாள், அந்த விளிம்பின் பிசகு சராசரியாக 30 நானோநொடி என்கிறது. ராஸ்பெர்ரி பை அதைக் கவனித்துக் குறித்துக்கொள்வதில் சில மைக்ரோநொடி பிசகும். அதாவது மலிவு சிப்பே உங்கள் கம்ப்யூட்டரைவிட நூறு மடங்கு ஒழுங்கு. இதனால்தான் சில ஆயிரம் கொடுத்து நியோ-எம்8டி மாதிரி டைமிங் ரகம் வாங்க வேண்டாம் என்கிறேன். அதன் சிறப்பு வேறு: இருக்கும் இடத்தைப் பதிந்துவைத்துக்கொண்டு ஒரே ஒரு சாட்டிலைட்டை வைத்தும் நேரம் தரும். நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த சந்தில் அது உதவும். பாம்பனில் வானத்துக்கு என்ன குறை?

ஆகவே நியோ-6எம், 7எம், எம்8என் எதுவானாலும் சரி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சந்தையில் அதிகம் கிடைக்கிற நீல நிற ஜிஒய்-ஜிபிஎஸ்6எம்வி2 போர்டில் நான்கு பின்தான்: விசிசி (மின்சாரம்), ஆர்எக்ஸ் (தகவல் உள்ளே), டிஎக்ஸ் (தகவல் வெளியே), கிரவுண்ட். பிபிஎஸ் அதில் எல்இடி விளக்கோடு நின்றுவிடும். அதுதான் கையில் இருக்கிறதென்றால், சிப்பின் 3-ஆம் காலிலோ எல்இடிக்குப் போகிற ரெசிஸ்டரின் சிப் பக்கத்திலோ மெல்லிய வயர் ஒன்றை சால்டர் வைத்து எடுக்கலாம். கை நடுங்காதவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் ஐந்து பின் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். போலி சிப்பும் நிறைய ஓடுகிறது. யூப்ளாக்ஸின் யூ-சென்டர் மென்பொருளில் மான்-வெர் (MON-VER) செய்தியைக் கேட்டால் உண்மையான சிப் தன் பதிப்பு எண்ணைச் சொல்லும்.

வயரிங் எளிது. போர்டின் விசிசி பையின் 1-ஆம் பின்னுக்கு, கிரவுண்ட் 6-க்கு, ஜிபிஎஸ்ஸின் டிஎக்ஸ் 10-க்கு, ஆர்எக்ஸ் 8-க்கு, பிபிஎஸ் 12-க்கு. 12 என்பது போர்டில் உள்ள பின் வரிசை எண்; மென்பொருளில் அதற்கு ஜிபிஐஓ 18 என்று பெயர். இரண்டையும் குழப்பிக்கொண்டு துடிப்பே வரவில்லை என்று தேடுபவர்கள்தான் அதிகம். பையின் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்காது, அதனால் 5 வோல்ட் சிக்னல் தருகிற போர்டை நேரடியாக இணைக்காதீர்கள். பிபிஎஸ் வயர் ஒரு சாண் நீளத்தில் இருக்கட்டும். வெளியே போக வேண்டியது ஆன்டெனா கேபிள் மட்டும்.

மென்பொருளில் மூன்று வேலை. பையின் அமைப்புத் திரையான ரேஸ்பி-கான்ஃபிக்கில் சீரியல் வழியாக லாகின் வேண்டாம், சீரியல் ஹார்ட்வேர் வேண்டும் என்று கொடுங்கள். பூட் பகுதியில் இருக்கிற கான்ஃபிக் கோப்பில் பிபிஎஸ்-ஜிபிஐஓ ஓவர்லேயை (பின்னில் வரும் துடிப்பைக் கவனிக்கச் சொல்லும் அமைப்பு) ஜிபிஐஓ 18 என்ற எண்ணோடு சேருங்கள். பிறகு ஜிபிஎஸ்டி (ஜிபிஎஸ் வரிகளைப் படிப்பது), க்ரோனி (கம்ப்யூட்டர் நேரத்தைத் திருத்துவது), பிபிஎஸ்-டூல்ஸ் (துடிப்பைச் சோதிப்பது) மூன்றையும் நிறுவி ரீபூட். எல்இடி நொடிக்கொரு முறை மின்னத் தொடங்கியதும் பிபிஎஸ்டெஸ்ட் ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு ஒரு வரி வந்தால் பாதி வேலை முடிந்தது. எல்இடி மின்னவில்லை என்றால் மென்பொருளைத் தொட வேண்டாம், இன்னும் சாட்டிலைட் பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஜிபிஎஸ்டியை ‘மைனஸ் என்’ தேர்வோடு ஓட விடுங்கள், இல்லையென்றால் யாராவது கேட்டால்தான் அது விழிக்கும்.

க்ரோனியில் இரண்டு மூலம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் பிபிஎஸ் ‘இப்போது ஒரு நொடி பிறந்தது’ என்று மட்டும்தான் சொல்லும். எந்த நொடி என்று என்எம்இஏ வரிதான் சொல்ல வேண்டும். என்எம்இஏ மூலத்துக்கு ‘நோசெலக்ட்’ (இதை நேரடியாகப் பின்பற்றாதே) போட்டு, பிபிஎஸ் மூலத்தை அதோடு ‘லாக்’ செய்து ஜோடி சேருங்கள். என்எம்இஏ எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை நெட் இருக்கிற ஒரு நாளில் வெளி நேர சர்வரோடு சில மணி நேரம் ஒப்பிட்டு, அந்த எண்ணை ‘ஆஃப்செட்’டில் போடுங்கள். வேறொருவரின் 0.2-ஐ அப்படியே எடுத்துப் போடாதீர்கள். எல்லாம் சரியென்றால் க்ரோனியின் மூலப் பட்டியலில் பிபிஎஸ் வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி விழும்.

பிசகு எவ்வளவு என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். மைக்ரோநொடி சுத்தமாக இருந்தும் நேரம் முழுசாக 1 நொடி தள்ளி நின்றால், என்எம்இஏ ஆஃப்செட் தப்பு: தாமதம் அரை நொடியைத் தொடும்போது க்ரோனி பக்கத்து நொடியோடு ஜோடி சேர்த்துவிடுகிறது. சரியாக 100 மில்லிநொடி என்றால், துடிப்பு எழுகிற விளிம்புக்குப் பதிலாக விழுகிற விளிம்பைப் பிடித்திருக்கிறீர்கள். இந்த போர்டுகளில் துடிப்பின் அகலம் அவ்வளவுதான். போர்டைப் போட்ட புதிதில் 2, 3 நொடி முந்திக் காட்டினால் பதற வேண்டாம். ஜிபிஎஸ் நேரத்தில் லீப் நொடி (பூமியின் சுழற்சிக்கு ஈடாக உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கிற நொடி) கிடையாது. 2017 ஜனவரி 1 முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முந்தி ஓடுகிறது. இந்த 18-ஐ சாட்டிலைட் 12.5 நிமிடத்துக்கு ஒரு முறைதான் சொல்லும். அதுவரை சிப் தான் தயாரான காலத்துப் பழைய எண்ணை வைத்துக் கழிக்கும். கால் மணி நேரம் பொறுத்தால் சரியாகிவிடும். தேதி 19 வருஷத்துக்கு மேல் பின்னால் போனால் அது 1,024 வாரச் சுற்று. உலகப் பொது நேரப்படி 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி நள்ளிரவு ஜிபிஎஸ்ஸின் வார எண் மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது, பழைய கருவிகள் பல அதில் மாட்டிக்கொண்டன. உங்கள் படகு ஜிபிஎஸ்ஸை வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஆன்டெனா. நம் கரையில் பணத்தையும் கவனத்தையும் இங்கேதான் போட வேண்டும். போர்டோடு வருகிற சின்ன பீங்கான் சதுரம் ஜன்னலோரம் சோதிக்க மட்டும். 3 அல்லது 5 மீட்டர் கேபிளோடு வருகிற, உள்ளேயே பெருக்கி உள்ள காந்த ஆன்டெனா வாங்குங்கள். அந்த மெல்லிய கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும், ஆன்டெனாவின் பெருக்கி அதைத் தாராளமாக ஈடுகட்டும். கேபிளால் வருகிற தாமதம் மீட்டருக்கு 5 நானோநொடி, மறந்துவிடலாம். போர்டில் இருக்கிற யு.எஃப்எல் கனெக்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டாதீர்கள், அதன் ஆயுளே 30 முறைதான்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் ஆன்டெனாவைத் தெற்கு வானம் தெரியும்படி வைக்கச் சொல்வார்கள். அது வடக்கே தள்ளி இருக்கும் நாடுகளுக்கு. நாம் 9 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம், வடகடல் பக்கமும் தென்கடல் பக்கமும் சாட்டிலைட் ஓடும். தலைக்கு மேல் திறந்திருந்தால் போதும். தகரக் கூரைக்குக் கீழே ஒன்றும் வராது. கூரை மேல் வைத்தால் அந்தத் தகரமே நல்ல அடித்தட்டு. மொட்டை மாடியில் என்றால் 7, 8 சென்டிமீட்டர் உலோகத் தட்டு ஒன்றை அடியில் வையுங்கள். நல்ல எவர்சில்வர் மூடியில் காந்தம் ஒட்டாது, இரட்டைப் பக்க டேப் போடுங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டும், ஆனால் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கைப்பிடிச் சுவருக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் நஷ்டமில்லை. அடிவானத்துச் சிக்னல் கொஞ்சம் மறையும், ஆனால் கடலில் பட்டுத் தெறித்து வருவதையும் அதே சுவர் மறைக்கும், இடி தேடி வருகிற வாய்ப்பும் குறையும்.

உப்பு ஆன்டெனாவைவிட கனெக்டரைத்தான் முதலில் தின்னும். பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறி, ஐப்பசி மழையில் ஈரம் சேர்ந்ததும் சிக்னல் மெல்ல மெல்லச் சாகும். வெளியில் இணைப்பே இல்லாமல் ஒரே கேபிளாக உள்ளே கொண்டுவருவது உத்தமம். முடியாதென்றால் கனெக்டரின் வாய் கீழே பார்க்கட்டும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரண டேப் சுற்றுங்கள். காடி வாசம் அடிக்கிற சிலிக்கான் பூசாதீர்கள், அந்த அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் ஜன்னலில் நுழையும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொன்று: பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில் போகிறது. சூரியச் செயல்பாடு அதிகமான வருஷங்களில், பங்குனி, புரட்டாசி வாக்கில், பொழுது சாய்ந்ததில் இருந்து நடுராத்திரி வரை மேல்வானத்து மின்னூட்ட அடுக்கான அயனமண்டலம் கலங்கி சிக்னல் துடிக்கும், சில சாட்டிலைட்கள் விட்டுவிட்டு வரும். போர்டு கெட்டுப்போயிற்று என்று மாற்ற வேண்டாம். இடைவெளியில் க்ரோனி தான் கற்ற வேகத்தை வைத்து ஓட்டும். பையின் வேகக் கணக்கில் கோடியில் ஒரு பங்கு பிசகினாலும் மணிக்கு 0.36 மில்லிநொடிதான் தள்ளும்.

கடைசியாக ரெக்கார்டரும் விண்டோஸும். அவற்றில் ஜிபிஎஸ் எதுவும் மாட்ட வேண்டாம். க்ரோனியில் ‘அலவ்’ வரியில் உங்கள் உள் நெட்வொர்க்கைக் கொடுத்தால் பையே நேர சர்வர் ஆகிவிடும். ரெக்கார்டரின் என்டிபி (நெட்வொர்க் வழியே நேரம் கேட்கும் முறை) பெட்டியில் பையின் ஐபி எண்ணையும் நேர மண்டலம் கூட்டல் 5:30 என்பதையும் போடுங்கள், விண்டோஸில் இணைய நேரம் என்கிற இடத்திலும் அதே ஐபி. இதற்கு ஊர் நெட் தேவையில்லை, ரௌட்டருக்குக் கரண்ட் இருந்தால் சரி. கம்ப்யூட்டரின் சொந்தப் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால் நாளைக்கு 1.7 நொடி ஓடிவிடும், ஆகவே மணிக்கொரு முறை கேட்கும்படி வையுங்கள். பை 4 வரைக்கும் உள்ளே கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் பழைய தேதியோடு எழுந்து, ஜிபிஎஸ் பிடிக்கிற வரைக்கும் அதையே வைத்திருக்கும். டிஎஸ்3231 கடிகார போர்டு ஒன்றைப் பேட்டரியோடு மாட்டிவிட்டால் அந்தச் சில நிமிடமும் கேமராப் பதிவில் தேதி மாறாது.