பழைய கேம்பர்வேனில் குளியலறைத் தரை அழுகிவிட்டது, எப்படிப் புதுப்பிப்பது?

கேட்டவர் மயிலாடுதுறைக்காரர். டெம்போ டிராவலரில் கட்டிய பழைய கேம்பர்வேன் (உள்ளேயே தங்கிப் பயணம் போகிற மாதிரி மாற்றிய வண்டி) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். குளியலறை மூலையில் கால் வைத்தால் பலகை அமுங்குகிறது, இரண்டு நாள் பூட்டி வைத்தால் நாற்றம் தாங்கவில்லை. பழைய தரைக்கு மேலேயே டைல்ஸ் ஒட்டித் தருவதாக ஊர்க் கொத்தனார் சொல்கிறாராம். ஒட்டலாமா என்பது கேள்வி.

ஒட்டாதீர்கள். எங்கள் வீட்டிலும் இதே ரக வண்டிதான். திருவாரூரில் நிறுத்தி, குளியலறையை முழுக்கப் பிரித்துக் கட்டினோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்களுக்குத் தேவை கொத்தனார் அல்ல, பைபர் படகு பழுது பார்க்கிற ஆள். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை முழுக்க பைபர் படகு பெருகிவிட்டது. உங்களுக்குப் பக்கத்தில் பழையாறு இருக்கிறது, கொஞ்சம் தெற்கே போனால் அக்கரைப்பேட்டை. அலையில் அடிபட்டு விரிசல் விட்ட படகை மறுபடி தண்ணீர் புகாமல் கட்டுகிறவருக்கு உங்கள் குளியலறை சின்ன வேலை. டைல்ஸும் அதன் அடியில் போடும் சிமெண்டும் வண்டிக்குத் தேவையில்லாத பாரம். அது போகட்டும் என்றாலும், வண்டி குலுங்கக் குலுங்க இணைப்பு விரிந்து, தண்ணீர் அடியில் இறங்கும். இப்போது அழுகியிருக்கிற அதே இடம் மறுபடி அழுகும்.

முதலில் எல்லாவற்றையும் பிரியுங்கள். பிரிக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கிவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் பலகையைக் குத்திக்கொண்டே போங்கள். முனை எங்கே இறங்காமல் நிற்கிறதோ அதற்கும் ஒரு சாண் அப்பால் வரை வெட்டி எடுக்க வேண்டும். பலகை போன பிறகுதான் அடித்தகடு தெரியும். பின்சக்கரத்துக்கு மேலே வளைந்து வரும் இடத்தையும், குறுக்குச் சட்டங்கள் தகட்டோடு சேரும் இடத்தையும் நன்றாகப் பாருங்கள். வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, கோடியக்கரை என்று சுற்றிய வண்டியானால் உப்புக்காற்று அங்கேதான் வேலையைக் காட்டியிருக்கும். தகடு பொத்தலாகியிருந்தால் வெட்டி, புதுத் துண்டு வெல்டு வைக்கவும். மேல்துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து எபாக்ஸி பிரைமர் அடித்தால் போதும். இந்தக் கட்டத்தில் அவசரப்படுகிறவர்கள்தான் இரண்டாம் முறை செலவு செய்கிறார்கள்.

பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை கேளுங்கள், 12 மி.மீ. போதும். கடையில் கமர்ஷியல் பிளையை 'இதுவும் தண்ணிக்குத் தாங்கும்' என்று காட்டுவார்கள், வேண்டாம். மரைன் பிளையிலும் வெட்டிய ஓரம்தான் தண்ணீர் குடிக்கும். அதனால் ஒவ்வொரு ஓரத்துக்கும், துளைத்த ஒவ்வொரு ஓட்டைக்கும் ரெசின் (பைபர் வேலையில் ஊற்றி இறுக வைக்கும் பிசின்) தடவிக் காயவிட்ட பிறகே பொருத்துங்கள்.

அதன்மேல் பைபர் தொட்டி. தரையும், சுவரில் அரை அடி உயரமும் இணைப்பே இல்லாமல் ஒரே வார்ப்பாக வர வேண்டும். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (ரெசினில் நனைத்துப் போடும் கண்ணாடி இழைப் பாய்) இரண்டு அடுக்கு கேளுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையை நேர்கோணமாக விடாமல் புட்டி வைத்து வளைவாக்கச் சொல்லுங்கள். நேர்கோண மூலையில் மேட் படியாமல் உள்ளே காற்று நிற்கும், பின்னாளில் வெடிப்பது அந்த இடம்தான். வடிகால் ஓட்டை இரண்டு வையுங்கள், எதிரெதிர் மூலைகளில். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். நம் பக்கம் வண்டியை நிறுத்துகிற இடம் பெரும்பாலும் ஆற்றங்கரைச் சாலையோரம்தான், வண்டி ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். ஒரே ஓட்டை இருந்தால் குளித்த தண்ணீர் எதிர் மூலையில் தேங்கும்.

இந்த வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலும் மரத்திலும் ஈரம் இருப்பதால் ரெசின் சரியாக இறுகாமல் பிசுபிசுக்கும். சித்திரை, வைகாசி உச்சிவெயிலில் கலந்த ரெசின் டப்பாவிலேயே கட்டியாகிவிடும், காலையில் சீக்கிரம் தொடங்கினால் சமாளிக்கலாம். நீங்களே செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்ட்டையும் (ரெசினை இறுக வைப்பது) ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். ஆக்ஸிலரேட்டரை முதலில் ரெசினில் முழுதாகக் கலக்கி, கேட்டலிஸ்ட்டைக் கடைசியில் சேர்க்க வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் பார்வைக்கு ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் தொடவே கூடாது. தேய்க்கும்போது முகமூடி. முடிந்த பிறகு கதவு, ஜன்னல்களைத் திறந்து ஒரு வாரமாவது காற்றாட விடுங்கள்.

சுவருக்கு பைபர் ஷீட்டோ ஏ.சி.பி. ஷீட்டோ (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகை) போதும். ஓரம் பூசும் சிலிகானில் கவனம் வேண்டும். பிழிந்ததும் வினிகர் வாடை அடிக்கும் ரகம் மலிவுதான், ஆனால் அது அலுமினியத்தையும் இரும்பையும் அரிக்கும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது பஸ் பாடி கட்டுகிறவர்கள் பூசும் பி.யு. (பாலியூரிதேன்) சீலன்ட்.

குழாய்க்கு வீட்டில் போடும் பி.வி.சி. வேண்டாம். பசை போட்ட இணைப்பு குலுங்கலில் விட்டுப்போகும். வளையும் ஹோஸ் போட்டு, அடிக்கு ஒரு கிளிப் வைத்து இறுக்குங்கள். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதனால் தண்ணீர்த் தொட்டி கீழேயும் இரண்டு அச்சுகளுக்கு இடையிலும் இருக்கட்டும். வேதாரண்யம் பக்கம் போனால் கிணற்று நீர் உப்பாக இருக்கும். அதை நிரப்பினால் ஷவர் ஓட்டைகளும் பம்பும் உப்புப் படிந்து அடைக்கும், கிளம்பும்போதே ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நாற்றம். வடிகாலில் இருக்கிற யு வளைவில் நிற்கும் தண்ணீர், வண்டி வெயிலில் நின்றால் வற்றிவிடும். பிறகு கழிவுநீர்த் தொட்டியின் வாடை நேராக உள்ளே வரும். தண்ணீரே தேவைப்படாத, ரப்பர் நாக்கு வைத்த டிராப் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்குக் கூரைக்கு மேல் போகிற காற்றுக்குழாய் ஒன்று வேண்டும். குளியலறைக் கூரையில் 14 அங்குல வென்ட் ஃபேன் வைத்து, கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் ஈரம் தங்காது. டெல்டா புழுக்கத்தில் ஃபேன் இல்லாமல் பூஞ்சையைத் தடுக்க முடியாது.

கேஸ் கீசர் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள். மூடிய சின்ன இடத்தில் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது, ஆள் மயங்கிய பிறகுதான் தெரியும். மார்கழிக் காலையில் வெந்நீர் வேண்டுமானால் வெளியே அடுப்பில் ஒரு பானை வையுங்கள்.

தண்ணீர் நிறுத்திச் சோதிக்காமல் கழிப்பறையைப் பொருத்தாதீர்கள். இரண்டு ஓட்டையையும் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க வைத்து, விடிந்ததும் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். வடித்துவிட்டு மேடுபள்ளச் சாலையில் நன்றாக ஓட்டி, மறுபடி ஒருமுறை நிரப்பிப் பாருங்கள்.

கழிப்பறைக்கு, பழைய கேசட்டின் (வண்டியோடு பொருத்திய, கழிவுப்பெட்டியை மட்டும் வெளியே இழுத்துக் காலி செய்கிற கழிப்பறை) உதிரிபாகம் கிடைக்காவிட்டால் தனியாக எடுத்து வைக்கிற பெட்டி ரகம் போதும். கழிவுத்தொட்டி 20 லிட்டர் அளவில் இருக்கும். காகிதம் பயன்படுத்துகிறவர்கள் கணக்கில் செய்தது அது. நாம் தண்ணீர் விட்டுக் கழுவுவதால் சீக்கிரம் நிறையும். ஹெல்த் ஃபாசெட்டை விட்டுவிட்டு ஒரு சின்னக் குவளையை வைத்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

அதைக் கொட்டுகிற இடம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பக்கம் எங்கே நிறுத்தினாலும் பக்கத்தில் ஒரு வாய்க்கால் ஓடும். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடை வரை வருகிற நாட்களில் அதே வாய்க்காலில் கீழே யாரோ குளித்துக்கொண்டிருப்பார்கள், மாடு தண்ணீர் குடிக்கும். கழிவையோ சோப்புத் தண்ணீரையோ அதில் விடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில் ஊற்றுங்கள். பெட்டிக்குள் விடும் மருந்தில் ஃபார்மால்டிஹைடு இருக்கக் கூடாது, அது செப்டிக் டேங்கில் கழிவை மக்கச் செய்யும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வாங்கும்போதே லேபிளைப் படித்துப் பாருங்கள்.