கீயில் அஞ்சு பவுண்டு: பிரெக்சிட், பெனிஃபிட் வெட்டு, கேள்வி பதில்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதையும் (பிரெக்சிட்), அதே காலத்தில் அங்கே அரசு உதவித்தொகைகள் (பெனிஃபிட்) வெட்டப்பட்டதையும் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். நான் பொருளாதாரம் படித்தவனில்லை. வட இங்கிலாந்தில் ஒரு மூலைக்கடையில் பதினான்கு வருஷம் கல்லாவில் நின்றவன். சனிக்கிழமைகளில், இல்லாதவர்களுக்கு இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கும் உணவு வங்கியில் பை கட்டுகிறேன். அக்கம்பக்கத்தாருக்கு யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை) விண்ணப்பம் போட்டுக் கொடுத்தே பாதிச் சட்டம் பழகிப்போனது.

கேள்வி: பிரெக்சிட் வெளிவிவகாரம், பெனிஃபிட் உள்வீட்டு விவகாரம். இரண்டையும் ஏன் சேர்த்தே பேசுகிறார்கள்? (கோவை)

எங்கள் கடையில் மின்சார மீட்டருக்குக் காசு ஏற்றும் மெஷின் இருந்தது. பிரீபெய்ட் மீட்டர் உள்ள வீட்டுக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் கீயைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் சேர்ந்த புதிதில் இருபது பவுண்டு போடச் சொன்ன ஆட்கள், 2013 வாக்கில் பத்து என்றார்கள். அப்புறம் அஞ்சு. அந்த அஞ்சும் முழுசாக வீடு போய்ச் சேராது. ஏற்கெனவே அவசரக் கடனாக எரித்த மின்சாரத்துக்கு மீட்டர் முதலில் பிடித்துக்கொள்ளும்.

இடையில் நடந்தது இதுதான். 2008 வங்கி நெருக்கடியால் அரசுக் கஜானாவில் பெரிய ஓட்டை. 2010ல் வந்த பிரதமர் டேவிட் கேமரனும் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்னும் சிக்கனம் என்ற பெயரில் செலவைக் குறைத்தார்கள். 2012ல் உதவித்தொகைச் சட்டம் திருத்தப்பட்டு, 2013ல் வெட்டுகள் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. மூன்றே வருஷத்தில், 2016 ஜூன் 23 அன்று, அதே மக்களிடம் "ஒன்றியத்தில் இருக்கலாமா, விலகலாமா" என்று கேட்டார்கள். 51.9 சதவீதம் பேர் விலகலாம் என்றார்கள்.

வார்விக் பல்கலைக்கழகத்தின் தீமோ ஃபெட்சர் 2019ல் வெளியிட்ட ஆய்வில், வெட்டு பலமாக விழுந்த வட்டாரங்களில் ஒன்றிய எதிர்ப்புக் கட்சியான யூகிப்புக்கு ஆதரவு கூடியதைக் காட்டினார். வெட்டு இல்லாதிருந்தால் முடிவே மாறியிருக்கலாம் என்பது அவர் கணக்கு. நான் அதை முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். மீதிக் கால்வாசி, தெற்கே சொந்த வீட்டில் வசதியாக இருந்துகொண்டு விலகலுக்குக் குத்தியவர்கள். அவர்கள் மீட்டர் கீயைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: படுக்கையறைக்கு வரி போட்டார்கள் என்று படித்தேன். நிஜமா? (திருநெல்வேலி)

வரி இல்லை, வெட்டு. மக்கள் வைத்த பெயர்தான் 'பெட்ரூம் டாக்ஸ்'. கவுன்சில் (உள்ளாட்சி) அல்லது வீட்டுவசதிச் சங்க வீட்டில் வாடகை உதவியோடு இருக்கிறீர்கள், ஓர் அறை உபரி என்று அரசு கணக்குப் போட்டால், வாடகையில் 14 சதவீதம் அளவுக்கு உதவி குறையும். இரண்டு அறை உபரி என்றால் 25. வாரம் 100 பவுண்டு வாடகைக்கு 14 பவுண்டை நீங்கள் கைக்காசில் கட்ட வேண்டும். உபரி எது என்பதற்கும் ஒரு விதி உண்டு: பத்து வயதுக்குக் கீழே அண்ணனும் தங்கையும் ஒரே அறை; பதினாறுக்குக் கீழே இரண்டும் பையன்கள் என்றாலும் ஒரே அறை. சின்ன வீட்டுக்கு மாறிக்கொள்ளலாமே என்பார்கள். எங்கள் ஊரில் மாறுவதற்கு ஓரறை வீடு காலியாக இருந்தால்தானே!

பென்ஷன் வயதுக்காரர்களுக்கு இந்த வெட்டு கிடையாது. இதை மனசில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

கேள்வி: அந்தச் சிவப்பு பஸ் கதை என்ன அண்ணா? (சென்னை)

"ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம், அதை நம் பொது மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம்" என்று விலகல் அணி ஒரு பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டியது. பிரிட்டனுக்கென்று இருந்த தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. தள்ளுபடி போனால் சுமார் 25 கோடி. அதிலும் ஒரு பங்கு விவசாய மானியமாகவும் பின்தங்கிய வட்டாரங்களுக்கான நிதியாகவும் திரும்பி வந்துகொண்டிருந்தது. புள்ளிவிவர ஆணையமே தப்பு என்று சொல்லியும் பஸ் நிற்கவில்லை. டாக்டர் அப்பாயின்ட்மென்டுக்கு வாரக்கணக்கில் காத்திருந்த ஆளிடம் தள்ளுபடிக் கணக்கு எடுபடுமா?

கேள்வி: பெனிஃபிட்டை வெட்டிய அமைச்சரே விலகலுக்குப் பிரசாரம் செய்தாராமே? (பெங்களூரு)

இயன் டங்கன் ஸ்மித். 2010 முதல் உதவித்தொகைத் துறை அமைச்சர், யூனிவர்சல் கிரெடிட் அவர் திட்டம்தான். வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்னால், 2016 மார்ச் 18 அன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தொகையைக் குறைப்பது சரியில்லை என்று ராஜினாமா செய்தார். வசதியானவர்களுக்குச் சலுகை தரும் பட்ஜெட்டிலேயே இதையும் வைப்பதை ஏற்க முடியாது என்பது அவர் வாதம். ஆறு வருஷம் கத்தரியைப் பிடித்த கை அது! ஒன்றியத்தில் நீடிக்கச் சொன்ன ஆஸ்போர்னைக் கவிழ்க்கத்தான் அப்படிச் செய்தார் என்றும் சிலர் பேசினார்கள். அவர் மனசில் என்ன இருந்ததோ. அந்த வெட்டு கைவிடப்பட்டது, அது நல்லதுதான்.

கேள்வி: விலகியதால் ஏழைகளுக்கு நேரடியாக என்ன நஷ்டம்? வர்த்தகம், ஜிடிபி என்றே எல்லாரும் சொல்கிறார்கள். (ஈரோடு)

நல்ல கேள்வி. வாக்கு எண்ணிய ராத்திரி, சண்டர்லாந்தில் 61 சதவீதம் பேர் விலகலுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அறிவித்ததுமே பவுண்டு சரியத் தொடங்கியது. விடிவதற்குள் டாலருக்கு எதிராக 1985க்குப் பிறகு காணாத அடிமட்டம். இறக்குமதிச் சாமானெல்லாம் விலை ஏறியது. எங்கள் கடையில் டின் தக்காளி, சமையல் எண்ணெய், டயப்பர், எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டை மாற்றி மாற்றி ஒட்டினேன். 2017 நவம்பரில் பணவீக்கம் 3.1 சதவீதம்.

சாதாரணமாக விலை ஏறினால் உதவித்தொகையும் கொஞ்சம் ஏறும். ஆனால் வாக்கெடுப்புக்கு முன்பே, வேலை செய்யும் வயதினருக்கான தொகைகளை 2016 ஏப்ரலிலிருந்து நாலு வருஷம் ஏற்றக்கூடாது என்று சட்டம் போட்டு உறைய வைத்துவிட்டார்கள். வேலையில்லாத ஒருவருக்கு 2015ல் வாரம் 73 பவுண்டு 10 பென்ஸ். 2020 மார்ச்சிலும் அதே 73 பவுண்டு 10 பென்ஸ். மேலே விலை ஏறுகிறது, கீழே தொகை அசையவில்லை, நடுவில் மாட்டிக்கொண்டது ஏழை.

அதே நாலு வருஷமும் அரசு பென்ஷன் ஏறியது. விலை, சம்பளம், 2.5 சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அதை ஏற்றியாக வேண்டும். வயதானவர்கள்தான் விலகலுக்கு அதிகம் வாக்களித்தார்கள். அவர்களைத் திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை, கணக்கு இதுதான் என்கிறேன்.

கேள்வி: இந்தியர்களும் வாக்களிக்க முடிந்ததா? (மதுரை)

முடிந்தது. காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், அங்கே வசித்த இந்தியப் பாஸ்போர்ட், இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கும் வாக்கு இருந்தது. இருபது வருஷம் அங்கேயே வரி கட்டிய போலந்துக்காரருக்கு இல்லை! நம்மவர்களில் கணிசமானோர் விலகலுக்குப் போட்டார்கள். அப்போது வேலைவாய்ப்பு இணையமைச்சராக இருந்த பிரீத்தி படேல், ஐரோப்பியர் வரத்து குறைந்தால் கறி ரெஸ்டாரண்டுகளுக்குத் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களைக் கொண்டுவருவது சுலபமாகும் என்று பிரசாரம் செய்தார். அப்புறம் அவரே உள்துறை அமைச்சர் ஆனார். வேலை விசாவுக்குச் சம்பள வரம்பு வைத்தார்கள், 2024ல் அது 38,700 பவுண்டுக்குப் போனது. எந்தச் சின்ன ஓட்டல் மாஸ்டருக்கு அவ்வளவு சம்பளம் தரும்?

கேள்வி: பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள என் மச்சான் லெஸ்டரில் இருக்கிறார். பயப்பட வேண்டுமா? (பாரிஸ்)

2020 டிசம்பர் 31க்கு முன்பே அங்கே குடியேறி, ஐரோப்பியக் குடிமக்கள் தொடர்ந்து தங்குவதற்கான செட்டில்மென்ட் திட்டத்தில் விண்ணப்பித்து அந்தஸ்து வாங்கியிருந்தால் பயமில்லை. பிரான்ஸ், ஜெர்மனி, ஹாலந்து பாஸ்போர்ட்டோடு வந்த ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இந்த வழியில்தான் தங்கியிருக்கிறார்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான 2021 ஜூன் 30ஐத் தவறவிட்டவர் என்றால் உடனே ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பணக்கார நாட்டில் உணவு வங்கியா? யார் வருகிறார்கள்? (தஞ்சாவூர்)

பெரிய வலையமைப்பான ட்ரசல் டிரஸ்ட் 2010-11ல் கொடுத்த பொட்டலங்கள் சுமார் 61,000. 2018-19ல் 16 லட்சம். வருகிறவர்களில் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. யூனிவர்சல் கிரெடிட் விண்ணப்பித்தால் முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். இடையில் முன்பணம் தருவார்கள், ஆனால் அது கடன், பின்னால் மாதாமாதம் பிடிப்பார்கள். அந்த ஐந்து வாரத்தில்தான் பலர் முதல்முறையாக எங்கள் கதவுக்கு வருகிறார்கள்.

பை கட்டும்போது நாங்கள் முதலில் கேட்பது "வீட்டில் அடுப்பு எரியுதா?" என்றுதான். மீட்டரில் காசில்லாதவருக்கு அரிசி கொடுத்து என்ன செய்ய? அவர்களுக்கு வெந்நீர் ஊற்றினால் போதுமென்கிற சாமான்களை மட்டும் தனியாகக் கட்டுவோம், 'கெட்டில் பாக்ஸ்' என்று பெயர். டின் திறப்பான் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஒருமுறை கேட்க மறந்துவிட்டேன். அந்தம்மா ஒரு மணி நேரம் கழித்து டின்னோடு திரும்பி வந்து நின்றார்.

கேள்வி: ஆட்சி மாறியதே, கோபம் தணிந்ததா? (சேலம்)

2024 ஜூலையில் தொழிற்கட்சி வந்தது. வந்த மாதமே, முதியவர்களின் குளிர்கால எரிபொருள் உதவியைப் பெரும்பாலோருக்கு நிறுத்துவதாக அறிவித்தார்கள். பென்ஷன்காரர்கள் பொங்கி எழுந்தார்கள். அடுத்த ஜூனில் பின்வாங்கினார்கள். 2025 ஜூலையில் மாற்றுத்திறனாளிகள் தொகையில் கைவைக்கப் போய், சொந்தக் கட்சி எம்.பி.க்களே எதிர்த்ததால் அதிலும் பின்வாங்கல். கட்சி மாறினாலும் கத்தரி அதே மேஜையில்தான் கிடக்கிறது.

கேள்வி: அஞ்சு பவுண்டு போட்ட ஆட்கள் இப்போது வருந்துகிறார்களா? (புதுச்சேரி)

கருத்துக்கணிப்புகளில் விலகியது தவறு என்பவர்கள் சில வருஷமாகவே அதிகம். விலகலை ரத்து செய்யச் சொல்லி 2019ல் 60 லட்சத்துக்கு மேற்பட்டோர் மனுப்போட்டார்கள், அதுவும் பயன் தரவில்லை. ஆனால் என்னிடம் கீ நீட்டிய ஒருவரைக் கேட்டபோது, வருத்தம் இல்லை என்றார். "என் வாழ்க்கையில அவங்களை அலற வெச்ச ஓட்டு அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, மிச்சக் காசுக்கு ஒரு பால் பாக்கெட் எடுத்துக்கொண்டு போனார்.

கேள்வி: மாணவர் விசாவில் செப்டம்பரில் போகிறேன். கஷ்டம் வந்தால் யூனிவர்சல் கிரெடிட் கிடைக்குமா? (திருச்சி)

கிடைக்காது. பொது நிதி உதவி எதுவும் கூடாது என்று விசாவிலேயே நிபந்தனை உண்டு. உணவு வங்கி அந்தக் கணக்கில் வராது, தயங்காமல் போகலாம். ஆனால் சும்மா போய் நின்றால் பல இடங்களில் தர மாட்டார்கள். கல்லூரி நலப்பிரிவு மாதிரி யாராவது ஒரு வவுச்சர் எழுதித்தர வேண்டும். வீடு பார்க்கும்போது மீட்டர் பிரீபெய்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.